வீட்ல காப்பிக்கொட்டை வறுக்க எது சரி: இருப்புச்சட்டியா, பாப்கார்ன் மிஷினா, கை உருளையா?

போன வாரம் தேவகோட்டைல இருந்து பங்காளி வீட்டுத் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, பாப்கார்ன் மிஷின் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், அதுலயே காப்பிக்கொட்டை வறுக்கலாமாமே, ஆர்டர் போட்டுறவா?"ன்னான். இருடா தம்பி, உங்க வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காப்பி ஓடுது, அதுல பால் ஊத்திக் குடிக்கிறது எத்தனை பேர், அதை முதல்ல சொல்லுன்னேன். மிஷினைப் பத்திக் கேட்டா இவர் டம்ளர் கணக்கு கேக்குறாரேன்னு அவனுக்குக் குழப்பம். ஆனா நான் மூணு வருஷமா காரைக்குடி வீட்ல இருப்புச்சட்டி, பாப்கார்ன் மிஷின், அடுப்பு மேல வச்சுக் கையால சுத்துற உருளை மூணுலயும் வறுத்துப் பார்த்துட்டு சொல்றேன், இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தெரியாம எதை வாங்கினாலும் அது பரண்லதான் போய் உக்காரும். போன்ல முழுசா சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன், அவனைப் போல யோசிச்சிட்டு இருக்கிற மத்தவங்களுக்கும் ஆகும்.

எங்க வீட்டுக் கணக்கையே எடுத்துக்குங்க. அப்பா, அம்மா, அப்பத்தா, நான், வீட்டுக்காரி, அஞ்சு பேரு. காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுன்னாலே பத்து டம்ளர். டம்ளருக்கு 9 கிராம் தூள்னு வச்சா 90 கிராம், அதுல அஞ்சுல ஒரு பங்கு சிக்கரி, அதைக் கழிச்சா ஒரு நாளைக்கு 72 கிராம் காப்பி. வர்றவங்க போறவங்களுக்கும் சேர்த்து மாசம் ரெண்டரை கிலோ வறுத்த கொட்டை ஆகும். வறுக்கும்போது எடை குறையும், அதை மறந்துறாதீங்க. பச்சைக் கொட்டைல பத்துல இருந்து பன்னெண்டு சதவீதம் ஈரம் இருக்கு, அது போகும், வேற சிலதும் ஆவியாப் போகும். லேசா வறுத்தா 12-14 சதவீதம், நல்லாக் கருக்க வறுத்தா 18-20 வரைக்கும் குறையும். நம்ம பில்டர் காப்பிக்கு நான் எடுக்கிற பதத்துல 17 சதவீதம் போகுது. அப்போ ரெண்டரை கிலோ வேணும்னா மூணு கிலோ பச்சைக் கொட்டை வறுக்கணும். பாப்கார்ன் மிஷின்ல ஒரு தடவைக்கு 90 கிராம்தான் போட முடியும், மாசத்துக்கு 33 தடவை. இருப்புச்சட்டில 200 கிராம், 15 தடவை. கை உருளைல அரைக் கிலோ, 6 தடவை. வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு நம்ம ஆளுங்க யாரும் இந்தக் கணக்கைப் போடறதில்ல, அவங்க வீட்ல ஒருத்தர் ரெண்டு பேர் கருப்புக் காப்பி குடிப்பாங்க, அவங்களுக்கு வாரம் 150 கிராம் போதும். நமக்கு அப்படியா?

எதுல வறுத்தாலும் கொட்டைக்குள்ள நடக்கிறது ஒண்ணுதான், அதைச் சொல்லிட்டா மத்தது சுலபமாப் புரியும். பச்சைக் கொட்டை முதல்ல மஞ்சளாகும், அப்ப வைக்கோல் வாசம் வரும், கொஞ்சம் கழிச்சு வறுத்த கடலை வாசம். 150 டிகிரி தாண்டினதும் பழுப்பு ஏற ஆரம்பிக்கும். 196ல இருந்து 205 டிகிரி கிட்ட வரும்போது உள்ள இருக்கிற நீராவி அழுத்தம் தாங்காம கொட்டை வெடிக்கும், புளியங்கொட்டை வறுக்கும்போது டப்பு டப்புனு கேக்குமே அந்தச் சத்தம், இதை முதல் வெடின்னு வச்சுக்குவோம். அது ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓடி ஓஞ்சதும் கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும். அப்புறம் 224 டிகிரி பக்கத்துல ரெண்டாவது வெடி, இது கடுகு பொரியிற மாதிரி சின்னச் சின்னதா சடசடன்னு கேக்கும், கொட்டை மேல எண்ணெய் மினுமினுப்பு தட்டும், புகை நீலமா மாறும். முதல் வெடி முடிஞ்ச உடனே எடுத்தா லேசான வறுவல், புளிப்பும் பழ வாசமும் இருக்கும். ரெண்டாவது வெடி ஆரம்பிச்சு அரை நிமிஷத்துக்குள்ள எடுத்தா நம்ம டிகாஷனுக்கான பதம், பாலும் சர்க்கரையும் சேர்ந்த அப்புறமும் காப்பி தன் குரலை விடாது. அதுக்கும் மேல போனா கரி. அதனால ஒரு சாதனத்தை நான் மதிப்புப் போடுறது ரெண்டு விஷயத்தை வச்சுத்தான், இந்த ரெண்டாவது வெடி என் காதுக்குக் கேக்குமா, கேட்ட நொடில கொட்டையை வெளிய எடுக்க முடியுமா.

இருப்புச்சட்டியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அது எல்லார் வீட்லயும் இருக்கு, காசு செலவே இல்ல. கனமான சட்டியா இருக்கணும், நான்ஸ்டிக் கூடவே கூடாது, இந்தச் சூட்டுக்கு அந்தப் பூச்சு ஆகாது. சட்டியை அஞ்சு நிமிஷம் காய விட்டு 200 கிராம் கொட்டையைப் போட்டு மரக்கரண்டியால கிண்டணும், பதினஞ்சுல இருந்து இருபது நிமிஷம் ஒரு நொடி கூட கை நிக்கக் கூடாது. இதோட பெரிய பலம் என்னன்னா எல்லாமே கண்ணு முன்னாடி நடக்குது, நிறம் மாறுறது தெரியும், வெடி காதுல தெளிவா விழும், வாசம் நேரா மூக்குக்கு வரும். பலவீனம், ஒரே சீரா வராது. காப்பிக்கொட்டை ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிவு, அந்தத் தட்டைப் பக்கம் இரும்புல ஒட்டி உக்காந்துட்டா அங்க மட்டும் கருப்புப் பொட்டு விழுந்துரும், உள்ள இன்னும் வேகாம இருக்கும். அரைச்சு டிகாஷன் போட்டா ஒரே டம்ளர்ல கசப்பும் புளிப்பும் சேர்ந்து வரும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு, எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆச்சு, அதனால அழுத்திச் சொல்றேன்: சட்டில வறுக்கிறதா இருந்தா பீபெரி வாங்குங்க. சாதாரணமா ஒரு காப்பிப் பழத்துக்குள்ள ரெண்டு கொட்டை எதிர் எதிரா ஒட்டி இருக்கும், அதான் ஒரு பக்கம் தட்டையாகுது. சில பழத்துல ஒரே கொட்டை மட்டும் உருண்டையா விளையும், அதுதான் பீபெரி. உருண்டைங்கறதால சட்டில தானா உருளும், எல்லாப் பக்கமும் சூடு படும், பொட்டு விழுறது பாதிக்கு மேல குறைஞ்சிரும். அதே சட்டி, அதே அடுப்பு, கொட்டையை மாத்தினதும் எனக்கு வந்த வித்தியாசம் கொஞ்ச நஞ்சமில்ல. கூடவே தீயை முழுசா வைக்காம மிதமா வச்சு, அஞ்சாறு நிமிஷத்துக்குள்ள கொட்டை முழுக்க மஞ்சளாகுற மாதிரி பார்த்துக்குங்க. அரை மணி நேரம் இழுத்துட்டா வெடியே சரியா வராது, காப்பி சப்புன்னு காய்ஞ்ச ரொட்டி மாதிரி இருக்கும்.

இப்ப தம்பி கேட்ட பாப்கார்ன் மிஷின். இதுல சூடான காத்து கீழே இருந்து அடிச்சு கொட்டையைச் சுழட்டி விடும், காத்துல மிதந்துகிட்டே வறுபடுறதால எல்லாக் கொட்டையும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே நிறம். தோலும் தானா பறந்து வெளிய வந்துரும். அஞ்சு ஆறு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. வாங்கறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு பாருங்க, உள்ள எட்டிப் பார்த்தா காத்து வர்ற ஓட்டை பக்கச் சுவர்ல சாய்வா கீறினது மாதிரி இருக்கணும். அடில வலை மாதிரி ஓட்டை இருக்கிற மாடல் வேண்டவே வேண்டாம், தோல் அந்த வலை வழியா இறங்கி கம்பில பட்டுத் தீப்பிடிக்கும். இதுல வறுத்த தாண்டிக்குடி மலை அரபிகா ரகக் காப்பியை நான் பால் இல்லாம குடிச்சிருக்கேன், ஆரஞ்சுத் தோல் வாசம், அடில வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு, இத்தனை வருஷம் காப்பி குடிச்சும் அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாமலே இருந்திருக்கேன். அந்த ருசிக்கு இந்த மிஷினை மிஞ்ச ஆளில்ல.

ஆனா அதே தூள்ல டிகாஷன் போட்டு பால் ஊத்தி அப்பத்தாட்ட குடுத்தேன், ஒரு வாய் குடிச்சிட்டு "பால் திரிஞ்சிருச்சா தம்பி?"ன்னு கேட்டாங்க. பால் திரியல, லேசான வறுவலோட புளிப்பு பால்ல அப்படித்தான் தெரியும். சரி, இன்னும் கருக்க வறுக்கலாம்னு பார்த்தா அங்கதான் சிக்கல். அந்த விசிறிச் சத்தத்துல ரெண்டாவது வெடி காதுலயே விழாது, பதம் தாண்டுறதுக்கு பத்து நொடிதான் இருக்கு, புகையைப் பார்த்து நிறுத்தறதுக்குள்ள பாதி தடவை கரிஞ்சு போச்சு.

அடுத்தது கரண்ட். இதை எந்த வீடியோலயும் சொல்ல மாட்டாங்க, நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கு இதுதான் முக்கியம். மிஷின்ல 1200 வாட்னு போட்டிருக்கும், அது 230 வோல்ட் வந்தாத்தான். எங்க தெருவுல சாயந்திரம் ஏழு மணிக்கு 200 வோல்ட்டுக்கு இறங்கிரும், ஹீட்டர் கம்பிக்கு வோல்ட்டேஜ் குறைஞ்சா சூடு அதோட வர்க்கக் கணக்குல குறையும், 200 வோல்ட்ல 1200 வாட் மிஷின் 900 வாட் சொச்சம்தான் தரும். காலைல ஆறு நிமிஷத்துல முடிஞ்சது சாயந்திரம் ஒன்பது நிமிஷம் ஆகியும் வெடிக்க மாட்டேங்குது. ஸ்டெபிலைசர் வச்சா சரியாகும், 1200 வாட் தாங்குற ஸ்டெபிலைசர் விலை மிஷின் விலையைத் தாண்டும். நடுவுல கரண்ட் போயிட்டா இன்னும் மோசம், விசிறி நின்னுரும், கம்பி சூடு அப்படியே இருக்கும், உடனே கவுத்துக் கொட்டலைன்னா கொட்டையும் போச்சு மிஷினும் போச்சு. என்னோட முதல் மிஷின் நாலாவது மாசம் உள்ள இருக்கிற வெப்பப் பியூஸ் போயி நின்னுருச்சு, மூணு நிமிஷம் சோளம் பொரிக்கச் செஞ்சதை நான் ஏழு ஏழு நிமிஷம் அடுத்தடுத்து ஓட்டினேன், காப்பி வறுத்ததுக்கு வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க, அது அவங்க பக்கம் நியாயம்தான். ரெண்டாவது மிஷினை ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல இருபது நிமிஷம் ஆற விட்டுத்தான் ஓட்டுறேன். அப்படி ஆற விட்டு 33 தடவை ஓட்டறதுன்னா மாசத்துல எத்தனை சாயந்திரம் போகும்னு நீங்களே பாருங்க.

கை உருளைக்கு வர்றேன். எங்க பழைய வீட்ல இது இருந்துச்சு, அப்பத்தா வந்த புதுசுல இரண்டாங்கட்டுல கரி அடுப்பு மேல வச்சு வறுப்பாங்களாம். இரும்புத் தகட்டுல செஞ்ச உருளை, நடுவுல ஒரு கம்பி குறுக்கால போகும், ஒரு முனைல கைப்பிடி, பக்கத்துல இழுத்துத் திறக்கிற சின்னக் கதவு, ரெண்டு பக்கமும் தாங்கறதுக்கு கவைக் கால். வீடு பாகம் பிரிச்சப்ப தட்டுமுட்டுச் சாமானோட அதுவும் போயிருச்சு. ரெண்டு வருஷம் முன்ன முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைல ஸ்வீடன் பீங்கான் தூக்குச்சட்டிங்களுக்குப் பின்னாடி அதே மாதிரி ஒண்ணு கிடந்துச்சு. "அண்ணே, இதைப் பூந்தொட்டியாக்கத்தான் கேப்பாங்க, நீங்க வறுக்கவா கேக்குறீங்க?"ன்னு கடைக்காரத் தம்பிக்கே சந்தோஷம், விலையைக் குறைச்சே குடுத்தான்.

பழசு வாங்கினா உள்ள துரு எவ்வளவு, கதவு விளிம்புல ஈயப் பத்து வச்சிருக்கா, நாகம் பூசின தகடா, இதை எல்லாம் நல்லாப் பார்த்துக்குங்க, ஈயமோ நாகப் பூச்சோ இருந்தா நேரடித் தீக்கு வைக்கக் கூடாது, விட்டுருங்க. அதை விட நல்லது பட்டறைல புதுசா செய்யச் சொல்றது. எனக்குப் பழசுல துரு ஓட்டை விழுந்ததும் அப்படித்தான் செஞ்சேன்: 6 அங்குல விட்டம், 8 அங்குல நீளம், ரெண்டு மில்லிமீட்டர் வெறும் இரும்புத் தகடு, உள்பக்கம் நீளவாக்குல மூணு பட்டை, அந்தப் பட்டைதான் கொட்டையைத் தூக்கிப் போடும், அது இல்லைன்னா கொட்டை அடில வழுக்கிட்டே கிடந்து ஒரு பக்கம் கருகும். கம்பியைக் கைப்பிடிப் பக்கம் ஒரு முழம் நீட்டிவிடச் சொல்லுங்க, இல்லைன்னா விரல் சுடும். இந்த அளவுல அரைக் கிலோ தாராளமாப் போடலாம், வறுபட்டதும் கொட்டை பருமன் ஒண்ணரை மடங்குக்கு மேல ஊதும், அப்பவும் உருளைல மூணுல ஒரு பங்குதான் நிறையும், அதுக்கு மேல நிறைஞ்சா புரளாது.

வெறும் உருளையைக் கேஸ் அடுப்புல அஞ்சு நிமிஷம் சூடேத்தி, கொட்டையைப் போட்டு, நிமிஷத்துக்கு அம்பது சுத்து, அவசரம் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஆறாவது நிமிஷம் வைக்கோல் வாசம் போயி கடலை வாசம் வரும். பதினொண்ணு பன்னெண்டுல முதல் வெடி, தகட்டுக்குள்ள வெடிக்கிறதால கணீர்னு கேக்கும், அப்ப தீயைப் பாதியாக் குறைச்சிரணும், ஏன்னா அதுக்கு மேல கொட்டை தானே சூட்டைத் தள்ள ஆரம்பிக்கும். பதினாலு பதினஞ்சுல ரெண்டாவது வெடி. உருளைக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது, அதுதான் இதுல இருக்கிற ஒரே குறை, முதல் பத்துத் தடவை அந்தக் குருட்டுத்தனம் பயமாத்தான் இருக்கும். எங்க வீட்ல ஒரு நாள் நான் ரெண்டாவது வெடிக்காக காதைத் தீட்டிட்டு சுத்திட்டு இருக்கேன், வளவுல, அதான் நடு முற்றத்துல, பூ கட்டிட்டு இருந்த அப்பத்தா அங்க இருந்தே "போதும் இறக்கு, வாடை மாறிருச்சு"ன்னு சத்தம் போட்டாங்க. இறக்கிக் கொட்டினேன், கொட்டும்போதுதான் முதல் சடசட கேட்டுச்சு. அம்பது வருஷமா உருளையைத் தொடாதவங்க. அன்னைல இருந்து நான் தெர்மாமீட்டர் வாங்கற யோசனையை விட்டுட்டு, பன்னெண்டாவது நிமிஷத்துல இருந்து மூக்கால கவனிக்கப் பழகினேன், ரொட்டி வாசத்துல இருந்து லேசா காரமான புகை வாசத்துக்கு மாறுற இடம் ஒண்ணு இருக்கு, பழகினா தவறவே தவறாது.

இறக்கினதும் ஆற வைக்கிறது பாதி வேலை. அடுப்புல இருந்து எடுத்தாலும் கொட்டை தன் சூட்டுலயே வெந்துட்டே இருக்கும், மூணு நாலு நிமிஷத்துக்குள்ள கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துரணும், இல்லைன்னா நீங்க நிறுத்தின பதத்துல நிக்காது. சித்திரை வைகாசில நம்ம ஊர்ல காத்தே 38-40 டிகிரில அடிக்கும்போது தட்டுல பரப்பி வச்சா ஆறாது. வளவுல ஆத்தங்குடிக் கல்லு மேல டேபிள் பேனை வச்சு, முன்னாடி உக்காந்து சொளகுல போட்டுப் புடைங்க, தூக்கிப் போடும்போது காத்து பட்டு ஆறவும் செய்யும், பொன்னிறத் தோல் வானத்தைப் பார்த்துப் பறக்கும், ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும். ரெண்டு நிமிஷத்துல கொட்டை விரல்ல எடுக்கிற சூட்டுக்கு வந்துரும். நம்ம பழைய வீடுகள்ல வளவு திறந்து கிடக்கிறதால புகைக்கும் கவலை இல்ல, அடுக்கு மாடில இருக்கிறவங்க அரைக் கிலோவை ரெண்டாவது வெடி வரைக்கும் கொண்டு போனா பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுவாங்க, அவங்க மொட்டைமாடிக்குத்தான் போகணும்.

மத்த வழிகளை வேகமா சொல்லிடறேன். ஓடிஜி அடுப்புல தட்டுல பரப்பி வைக்கிறது வேண்டாம், கிளற வழி இல்ல, ஓரம் கருகும் நடு பச்சையா இருக்கும். பெயிண்ட் உரிக்கிற ஹீட் கன்னை வச்சு ஸ்டீல் பாத்திரத்துல காத்தடிச்சு வறுக்கிறாங்க, சத்தமும் கேக்கும் நிறமும் தெரியும், நல்லாவே வரும், ஆனா ரெண்டு கையும் மாட்டிக்கும், பதம் பார்த்து நிறுத்தக் கூட ஒரு ஆள் வேணும். வெளிநாட்டு மிஷின்கள்ல ஜீன் கஃபே 300 கிராம், ஏலியோ புல்லட் ஒரு கிலோ வரைக்கும் வறுக்கும், புல்லட்ல இண்டக்‌ஷன் சூடு, சூட்டைக் கோடு போட்டு லேப்டாப்லயே பார்க்கலாம். காசு இருந்து, இதையே ஒரு சின்னத் தொழிலா செய்யிற எண்ணமும் இருந்தா யோசிங்க, அப்பவும் 220 வோல்ட் மாடலான்னு உறுதி பண்ணிக்கிட்டு, ரிப்பேர்னா யார் வந்து பார்ப்பாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க.

வறுக்காமலே இருக்கிறதும் ஒரு வழிதான், அதையும் சேர்த்து ஒப்பிடணும். காசு மிச்சமாகும்னு வறுக்க வர்றீங்கன்னா வராதீங்க. 17 சதவீதம் எடை போறது, கேஸ், உங்க நேரம், முதல் ரெண்டு மாசம் கெடுக்கிற கொட்டை எல்லாம் சேர்த்தா கடைத்தூளோட விலைக்குப் பெரிசா வித்தியாசம் இருக்காது. நல்ல வாசமான காப்பி மட்டும் போதும்னா, கடைல அந்த வாரம் வறுத்த கொட்டையா வாங்கி வீட்ல அன்னன்னைக்கு அரைச்சுக்குங்க. தூளான அப்புறம் வாசம் போற வேகம் கொட்டையா இருக்கும்போது போறதை விடப் பல மடங்கு, கடைத்தூள் வீட்டுக்கு வந்து பத்தாவது நாள் சோந்து போறதுக்கு வறுவல் காரணமே இல்ல. நிறைய பேருக்கு இது ஒண்ணே போதும்னு நான் உண்மையாவே நினைக்கிறேன். இந்தக் கொட்டை எந்த மலைல விளைஞ்சது, இதை இன்னும் ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்தா எப்படி இருக்கும்னு மனசு கேக்குதா, அப்ப மட்டும் வறுக்க வாங்க.

கொட்டை நமக்குப் பக்கத்துலயே விளையுது. மதுரை, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினா தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கீழ்ப்பழனி மலை முழுக்க மிளகுக் கொடி, ஆரஞ்சு, மலைவாழை நடுவுல நிழல்ல விளையிற அரபிகா. தாண்டிக்குடில காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையமே இருக்கு. ஏற்காடு, வால்பாறை, கூடலூர்ப் பக்கமும் கிடைக்கும். கேக்கும்போது பிளாண்டேஷன்னா கழுவிப் பதப்படுத்தின அரபிகா, செர்ரின்னா பழத்தோட அப்படியே காய வச்சது, பார்ச்மெண்ட்னா ரோபஸ்டாங்கிற இன்னொரு ரகத்தைக் கழுவிப் பதப்படுத்தினது, இது தெரிஞ்சிருந்தா ஏமாற மாட்டீங்க. செர்ரில தோல் நிறைய வரும், வீட்டுக்குள்ள வறுக்கிறவங்க கவனிச்சுக்குங்க. நான் பிளாண்டேஷன் பீபெரி மூணு பங்கு, ரோபஸ்டா ஒரு பங்கு. ரோபஸ்டால காபீன் அரபிகாவை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, டிகாஷனுக்குக் கெட்டித்தனமும் தரும். ஆனா ரெண்டையும் தனித்தனியா வறுத்து அப்புறம் கலங்க, ஒண்ணா போட்டா ஒண்ணு வெந்து இன்னொண்ணு வேகாது. சிக்கரியை வீட்ல வறுக்க முயற்சி பண்ணாதீங்க, தூளா வாங்கி உங்க கையால அளந்து கலங்க. சட்டப்படி கடைத்தூள்ல 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி இருக்கலாம், பாக்கெட்ல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, உங்க டம்ளர்ல எவ்வளவுன்னு நீங்க முடிவு பண்ணலாம் பாருங்க, வீட்ல வறுக்கிறதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

இறக்கற நேரத்துல நெய் விடலாமான்னு நிறைய ஆச்சிமார் கேக்கறாங்க. எங்க ஐயா மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனவங்க, அங்க கோப்பிக் கடைக்குச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுப்பாங்க, அந்தக் கருப்பும் கெட்டியும் அதுல வர்றதுதான், அவங்களுக்கு அந்த ருசிதான் காப்பி. ஒரு ஸ்பூன் நெய் விட்டா வாசம் வரும், தப்பில்ல, ஆனா நெய் பட்ட கொட்டை அஞ்சாறு நாள்ல சிக்கு வாடை அடிக்கும், நம்ம வெயிலுக்கு அதை விடச் சீக்கிரமே. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு நாப்பது பேர் கூடற அன்னைக்கு வறுத்து அன்னைக்கே தீர்ற காப்பிக்கு விடலாம், டப்பால வைக்கிறதுக்கு வேண்டாம்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? அவங்க வீட்ல ஏழு பேரு, எல்லாருக்கும் பால் காப்பி, ஒரு நாளைக்குப் பதினாலு டம்ளர். பாப்கார்ன் மிஷின் வேண்டாம்டான்னுட்டேன். சென்னைல தனியா ரூம் எடுத்துத் தங்கி, பால் இல்லாம குடிக்கிற அவன் தங்கச்சிக்கு அதையே வாங்கிக் குடுன்னேன், அந்தப் பிள்ளைக்கு அதை விடப் பொருத்தமானது கிடையாது. இவனை முதல் மாசம் ஒரு கிலோ பீபெரி வாங்கி இருப்புச்சட்டில வாரம் ஒரு தடவை 200 கிராம் வறுக்கச் சொல்லியிருக்கேன், ரெண்டு வெடிக்கும் காது பழகட்டும், கண்ணால பார்த்துப் பழகினாத்தான் அப்புறம் மூடின உருளைக்குள்ள நடக்கிறது மனசுல ஓடும். அஞ்சு தடவையும் முடிச்சு இன்னும் ஆசை இருந்துச்சுன்னா, நம்ம பட்டறைக்காரர்ட்ட உருளை அளவைக் குடுத்துச் செஞ்சுக்கலாம். வறுத்த அன்னைக்கே அரைக்காதேன்னும் சொன்னேன், கொட்டைக்குள்ள இருக்கிற கரியமில வாயு வெளிய வரணும், மூடி லேசாத் திறந்த டப்பால ஒரு நாள் விட்டு, அடுத்த நாள்ல இருந்து இறுக்க மூடி, மூணாவது நாள் போடற டிகாஷன்தான் சரியான டிகாஷன். நேத்து சாயந்திரம் போன் பண்ணி சட்டியோட சத்தத்தைக் கேக்க வச்சான், முதல் வெடி வந்துருச்சு, இறக்கவான்னான், இன்னும் மூணு நிமிஷம் கிண்டுடா, கடுகு பொரியட்டும்னேன்.